சூளையின் பதம்

இரண்டே கால் மணிக்கு அவர் கேட்டார். இரண்டரைக்குத்தான் நான் சரி என்றேன். நடுவில் போன அந்தக் கால் மணி நேரம் எட்டு ஆண்டுகளாக என்னை விடாமல் இருக்கிறது. அன்று யாரும் சாகவில்லை, யாருக்கும் தீக்காயம்கூட இல்லை. ஆலையின் பதிவேட்டில் அது "கில்ன் நிறுத்தம், 31 மணி நேரம்" என்ற ஒற்றை வரி. அதற்கு மேல் அதில் எழுத எதுவும் இல்லை என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். எழுத வேண்டியது நிறைய இருக்கிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இப்போது எழுதுகிறேன்.

நான் கருவியியல் பொறியாளன். அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலை ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. சுரங்கத்திலிருந்து வரும் லாரியில் சில நாள் சுருள் சுருளான அம்மோனைட் ஓடு ஒன்று கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு வரும். கோடிக்கணக்கான ஆண்டு பழைய அந்தக் கடலை அரைத்துச் சுட்டு, பின்னால் சிமென்டாக அரைபடும் கிளிங்கராக்குவதுதான் எங்கள் தொழில். அந்தச் சுடும் வேலையைக் கணினி மாடல் ஒன்றின் கையில் கொடுப்பது 2015இல் எனக்குக் கிடைத்த பொறுப்பு. அதை நான் ஆசையோடு ஏற்றுக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்றும் அந்த ஆசை குறையவில்லை.

பதம்

சிமென்ட் கில்ன் என்பது நான்கு மீட்டருக்கு மேல் விட்டமும் அறுபது மீட்டருக்கு மேல் நீளமும் உள்ள இரும்புக் குழாய். உள்ளே தீச்செங்கல் பதித்திருக்கும். சற்றுச் சாய்வாகப் படுத்தபடி நிமிடத்துக்கு நான்கு சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். மேல் முனையில் சூடேறிய சுண்ணாம்புக்கல் மாவு விழுகிறது, கீழ் முனையில் பர்னர் நிலக்கரிச் சுடரை ஊதுகிறது. சுடருக்கு அடியில் பொருள் 1,450 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். அங்கேதான் மாவு பாதி உருகி, உருண்டை பிடித்து, கிளிங்கராகிறது. சூடு குறைந்தால் சுண்ணாம்பு வேகாமல் தனித்து நிற்கும். ஃப்ரீ லைம் என்று அதைச் சொல்வோம். அது நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைக்குள் இருக்க வேண்டும். சூடு கூடினால் கரி வீண், செங்கல் வீண், கிளிங்கரும் கல்லாகி அரவைக்கு அடங்காது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடம் ஒரு கோடு போல மெலிதானது.

இதற்கு ஆங்கிலத்தில் எத்தனையோ அளவீட்டுச் சொற்கள் இருக்கின்றன. எங்கள் ஆலையின் பழைய பர்னர்மேன் ஒரே சொல்தான் சொல்வார்: பதம். "பதம் வந்துவிட்டது", "பதம் தவறுகிறது", "பதம் நிற்கவில்லை". வெல்லப் பாகு காய்ச்சுகிறவரும் செங்கல் சூளைக்காரரும் சொல்லும் அதே சொல். அவர் 1986இல், கிளிங்கரை ஆற்றும் கூலரின் தளத்தில் உதவியாளராகச் சேர்ந்து, படிப்படியாகச் சூளையின் முன்னால் வந்து நின்றவர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். பர்னர் மேடையில் பார்வைத் துளை ஒன்று உண்டு. கோபால்ட் நீலக் கண்ணாடியைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து அதன் வழியே உள்ளே பார்ப்பார். வெறும் கண்ணுக்கு அது வெள்ளை நெருப்பு, வேறு எதுவும் தெரியாது. நீலக் கண்ணாடி பிடித்தால் நெருப்புக்குள் ஒரு நிலப்பரப்பு தெரியும். பதமான பொருள் சுழலும் சுவரோடு ஒட்டி மேலே ஏறி, பாகு போல மடிந்து உருண்டு விழும். பதமில்லாத பொருள் மணல் போல வழுக்கும், தூசி கிளப்பும். அதற்கும் பின்னால், சுடரின் வெளிச்சம் தீருமிடத்தில், இன்னும் வேகாத மாவின் இருள் ஒரு கோடாகத் தெரியும். அதைக் "கருப்பு" என்பார். கருப்பு தூரத்தில் நின்றால் நிம்மதி. கிட்டே வந்தால் கில்ன் குளிர்கிறது என்று பொருள்.

கிளிங்கரைக்கூட அவர் கையில் எடுத்துத்தான் நம்புவார். ஆறிய உருண்டை ஒன்றைச் சுத்தியலால் உடைத்து உள்ளே பார்ப்பார். கரும்பச்சையாக இருந்தால் கீழே போட்டுவிட்டு நடந்துவிடுவார். நடுவில் பழுப்பாக இருந்தால் காற்று போதவில்லை என்று கட்டுப்பாட்டு அறைக்கு வந்து சொல்வார். எத்தனையோ முறை அவர் சொல்லி அரை மணி நேரம் கழித்துத்தான் லேபிலிருந்து எண் வந்திருக்கிறது.

அதனால் மனிதனின் கண்ணே போதும், கணினி எதற்கு என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. ஒரு ஷிப்டில் பதம் பார்க்கத் தெரிந்தவர் இருப்பார், அடுத்த ஷிப்டில் இருக்க மாட்டார். ஃப்ரீ லைம் கூடிவிட்டால் மேலதிகாரி திட்டுவார், கரி கூடுதலாகப் போனால் யாரும் உடனே கேட்க மாட்டார்கள். அதனால் எல்லோரும் சற்று அதிகமாகவே சுடுவார்கள். ஒரு கிலோ கிளிங்கருக்கு வேதியியல் கணக்குப்படி தேவைப்படும் வெப்பம் சுமார் 420 கிலோ கலோரி. நல்ல ஆலையே 700க்கு மேல் செலவழிக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு பகுதி இந்தப் பயத்தால் எரிகிறது. ஒரு கூலர் ஃபேனை ஒருவர் கூட்டுவார், ஷிப்ட் மாறியதும் அடுத்தவர் குறைப்பார். அந்த ஆட்டத்தைக் கோட்டுப் படத்தில் பார்த்தால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு படி தெரியும். மாடல் வந்தபின் அந்தப் படிகள் மறைந்தன. கரி குறைந்தது. கில்ன் அமைதியாக ஓடியது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

பார்க்க முடியாததை ஊகிப்பது

மாடலின் வேலை எளிமையாகச் சொல்லக்கூடியதுதான். பர்னருக்கு எவ்வளவு கரி, மேலே எவ்வளவு மாவு, சுற்று வேகம் என்ன, பெரிய ஃபேன் எவ்வளவு இழுக்கிறது ஆகிய நான்கையும் இப்போது மாற்றினால் அடுத்த ஒரு மணி நேரத்தில் சூளை எப்படிப் போகும் என்று அது கணக்குப் போடுகிறது. நல்ல வழியைத் தேர்ந்தெடுத்து முதல் அடியை மட்டும் எடுத்து வைக்கிறது. ஒரு நிமிடம் கழித்து மறுபடி முதலிலிருந்து கணக்குப் போடுகிறது. ஷெல் நிறுவனத்தின் கட்லரும் ராமேக்கரும் 1970களில் எண்ணெய் ஆலைகளுக்காக உருவாக்கிய முறையின் வழிவந்தது இது. இன்று சுத்திகரிப்பு ஆலை, காகித ஆலை, மின் நிலையம் எங்கும் இதன் பிள்ளைகள்தான் ஓடுகின்றன.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கட்டுப்படுத்த வேண்டியது பதம். பதத்தை அளக்கக் கருவி இல்லை. 1,450 டிகிரியில், தூசிப் புயலுக்குள், சுழலும் குழாயின் நடுவில் எந்தக் கருவியை வைப்பது? ஃப்ரீ லைமை லேபில் அளக்கலாம். ஆனால் பொருள் கில்னை விட்டு வெளியேறி, கூலரில் ஆறி, மாதிரி எடுத்து, அரைத்து, சோதித்து எண் வருவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானைக்குச் சரி. பானை முழுக்க ஒரே சோறு, ஒரே நெருப்பு. கில்னில் நாம் எடுத்துப் பார்க்கும் சோறு போன பானையின் சோறு.

ஆகவே பதத்தை மூன்று சாட்சிகளை வைத்து ஊகிக்கிறோம். முதலாவது, கில்னைச் சுற்றும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம். பொருள் நன்றாக வெந்து ஒட்டினால் சுவரில் மேலே ஏறும். அதைத் தூக்க மோட்டார் அதிகம் உழைக்கும், ஆம்ப்ஸ் கூடும். இரண்டாவது, புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடு. சுடர்ப் பகுதி சூடாக இருந்தால் அது கூடும். மூன்றாவது பைரோமீட்டர், தூரத்திலிருந்து ஒளியை வைத்து வெப்பத்தைச் சொல்வது. தூசி எழுந்தால் அதற்குக் கண் மங்கிவிடும். இந்த மூன்றையும் இரண்டு ஆண்டு லேப் முடிவுகளோடு பொருத்தி, ஃப்ரீ லைம் இந்த நிமிடம் என்னவாக இருக்கும் என்று சொல்லும் நரம்பு வலை (நியூரல் நெட்வொர்க்) ஒன்றை நான் பயிற்றுவித்தேன். லேப் எண் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அது சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது. அதைக் கண்டு எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பதத்தைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த இரவு

2017 ஆடி மாதம், சி ஷிப்ட். மாதக் கூட்டத்தில் "மாடல் இயங்கிய நேரம்" எவ்வளவு விழுக்காடு என்று ஒரு கட்டம் காட்டப்படும். அந்த மாதம் அது சரிந்திருந்தது. ஆபரேட்டர்கள் சின்னக் காரணங்களுக்கெல்லாம் மாடலை நிறுத்திக் கையால் ஓட்டுகிறார்கள் என்று எனக்கு எரிச்சல். அதனால்தான் இரவு வேலைக்கு நானே வந்து உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மணியைத் தாண்டியதும் ஆம்ப்ஸ் மெல்ல ஏறத் தொடங்கியது. நைட்ரஜன் ஆக்சைடு நல்ல உயரத்தில், ஆடாமல் அசையாமல் நின்றது. பைரோமீட்டர் இறங்கியது. அது தூசியால் அடிக்கடி இறங்கும், மாடலுக்கும் அது தெரியும், அதனால் அதன் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சூளை அதிகமாகச் சூடேறுகிறது, ஃப்ரீ லைம் 0.7க்குப் போகிறது என்று முடிவு செய்து கரியைக் குறைக்கத் தொடங்கியது. மணிக்கு 9.2 டன், 9.1, 9.0. திரையில் எல்லாம் பச்சை.

இரண்டே கால் மணிக்கு அண்ணன் பர்னர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். கண்ணாடி கையிலேயே இருந்தது. வழக்கமாக என்னைத் தம்பி என்றுதான் அழைப்பார். அன்று மற்ற ஆபரேட்டர்கள் முன்னால் "சார்" என்றார். "சார், கருப்பு கிட்டே வந்துவிட்டது. பொருள் வழுக்குகிறது. சிஸ்டத்தை எடுத்துவிட்டுக் கில்னைக் குறைக்க வேண்டும்."

நான் திரையைக் காட்டினேன். "அண்ணே, ஆம்ப்ஸ் ஏறுகிறது பாருங்கள். சூடு இருந்தால்தானே ஏறும்? போன சாம்பிள்கூட 1.1தான். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்."

அவர் திரையைப் பார்த்தார். வாதிடவில்லை. அதுதான் இன்றும் என்னைச் சுடுகிறது. வாக்கி டாக்கியை எடுத்து, கூலர் தளத்தில் அடைப்பு குத்த இரும்புக் கம்பியோடு நின்ற இரண்டு ஒப்பந்தத் தொழிலாளர்களை உடனே கீழே இறங்கச் சொன்னார். "துளையைத் திறக்க வேண்டாம். எல்லோரும் இறங்கி வெளியே வாருங்கள்." பிறகு மறுபடி மேடைக்குப் போனார். திரும்பி வந்து இரண்டாம் முறை சொன்னபோது மணி இரண்டரை. கரி 8.7 டன்னுக்கு வந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் சரி என்றேன், திரையைப் பார்த்து அல்ல. ஆபரேட்டர் மாடலை நிறுத்தி, மாவைக் குறைத்து, சுற்று வேகத்தை இறக்கினார். காலம் தாழ்ந்துவிட்டிருந்தது.

நடந்தது இதுதான். கில்னுக்குள் சுவரைச் சுற்றி ஒரு வளையம் வளர்ந்திருந்தது. ரிங் என்போம். அதற்குப் பின்னால் மாவு அணை கட்டியது போலத் தேங்கியது. தேங்கிய எடையைத் தூக்கத்தான் மோட்டார் திணறியது. ஆம்ப்ஸ் ஏறியதற்குக் காரணம் சூடு இல்லை, சுமை. நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் குழாய் அடைத்துக்கொண்டு தன்னைத் தானே ஊதிச் சுத்தம் செய்யும் நிலைக்குப் போயிருந்தது. அந்த நிலையில் இருக்கும்வரை கருவி கடைசியாக அளந்த எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்பும். ஆடாமல் அசையாமல் நின்ற அந்தக் கோடு இருபது நிமிடத்துக்கு முந்தைய சூளை. மூன்று சாட்சிகளில் ஒன்று தவறான காரணத்துக்காக உண்மை சொன்னது, இன்னொன்று பழையதையே சொன்னது, உள்ளதை உள்ளபடி சொன்ன மூன்றாவதை நாங்கள் நம்பவில்லை. குளிர்ந்துகொண்டிருந்த சூளையின் கரியை மாடல் மேலும் குறைத்துக்கொண்டிருந்தது.

இரண்டு ஐம்பதுக்கு ரிங் உடைந்தது. தேங்கிய மாவு முழுதும் ஒரே மூச்சில் கூலருக்குள் பாய்ந்தது. வேகாத மாவு கூலர் காற்றில் நீர் போல ஓடும், ஆனால் அது ஆயிரம் டிகிரி நீர். கட்டுப்பாட்டு அறைச் சன்னல் வழியே பார்த்தேன். கூலர் தளத்தின் இண்டு இடுக்கெல்லாம் செந்நிறத் தூசி பீறிட்டது. அந்த இரண்டு பேர் நின்ற இடம், குத்துத் துளைக்கு நேர் முன்னால், ஒரு நிமிடம் கண்ணுக்கே தெரியவில்லை. அவர்கள் அப்போது கீழே குடிநீர்க் குழாய் அருகே நின்றிருந்தார்கள்.

நான் துடைத்த வரிசைகள்

மறுவாரம் விசாரணை. மாடல் ஓடிக்கொண்டிருந்தபோது ஆபரேட்டர் ஏன் அதை முன்பே நிறுத்தவில்லை என்பதுதான் முதல் கேள்வி. கணினிப் பதிவில் எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. இரண்டே கால் மணிக்கு ஒரு மனிதர் வந்து கருப்பு கிட்டே வந்துவிட்டது என்று சொன்னது எந்த வரிசையிலும் இல்லை. அதைப் பதிய இடமே கிடையாது. அவர் சொன்னார், நான்தான் மறுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது பெருந்தன்மை இல்லை. அதைச் செய்யாமல் அந்த ஆலைக்குள் என்னால் நடந்திருக்க முடியாது.

ஆனால் உண்மையான அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. மாடல் ஏன் இதை அறியவில்லை என்று என் பழைய பயிற்சிக் கோப்புகளைத் திறந்தேன். இரண்டு ஆண்டுத் தரவு. மாடலைப் பயிற்றுவிப்பதற்கு முன் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்திருந்தேன்: தரவைச் சுத்தம் செய்தேன். கில்ன் தடுமாறிய நேரங்கள், ரிங் உடைந்த நேரங்கள், செங்கல்மேல் ஒட்டிப் படிந்திருக்கும் கோட்டிங் விழுந்த நேரங்கள், எண்கள் தாறுமாறாக ஓடிய நேரங்கள் ஆகிய அனைத்தும் "தவறான தரவு" என்று குறியிட்டு நீக்கப்பட்டிருந்தன. அளவுக் குழாய் அடைத்த நேரங்களில் முந்தைய எண்ணை இழுத்து நிரப்பியிருந்தேன். கோடு அழகாக ஓட வேண்டுமே. அந்த இரவைப் போன்ற இரவுகள் எங்கள் ஆலையில் அதற்கு முன்பும் வந்திருந்தன. மாடல் அவற்றைப் பார்க்காமல் இருக்கும்படி நான் என் கையாலேயே பார்த்துக்கொண்டேன். உலகத்தில் சூளைகள் எப்போதும் ஒழுங்காக ஓடும் என்று ஒரு குழந்தைக்குச் சொல்லி வளர்த்துவிட்டு, பிறகு சூளையை அதன் கையில் கொடுத்தேன்.

1979 மார்ச் 28இல் பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் நடந்ததைக் கல்லூரியில் ஒரு பத்தியாகப் படித்திருந்தேன். இப்போது மறுபடி படித்தபோது கை நடுங்கியது. அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடி சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கு ஒரு விளக்கு இருந்தது. விளக்கு அணைந்திருந்தது, எனவே வால்வு மூடிவிட்டது என்று ஆபரேட்டர்கள் நினைத்தார்கள். ஆனால் அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை. மூடச் சொல்லி மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்பதை மட்டுமே காட்டியது. கட்டளை போனதை, காரியம் நடந்ததாக அவர்கள் படித்தார்கள். குளிர்நீர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியேறிக்கொண்டே இருந்தது. 2005 மார்ச் 23இல் டெக்சஸ் சிட்டி எண்ணெய் ஆலையில் கோபுரம் ஒன்று நிரம்பி வழியும் நிலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அதன் மட்டக் கருவி திரவம் மெல்ல இறங்குவதாகக் காட்டியது. 15 பேர் இறந்தார்கள். இந்த இடங்களில் இருந்தவர்கள் முட்டாள்கள் அல்லர், சோம்பேறிகளும் அல்லர். திரையை நம்பப் பழக்கப்பட்டவர்கள். என்னைப் போல.

கேட்டு எழுதியவர்கள்

இந்தத் துறை எப்படித் தொடங்கியது என்று தேடிப் படித்தது அந்தக் காலத்தில்தான். எங்கள் ஆலையில் ஆயிரக்கணக்கான இடங்களில் ஓடும் அந்தச் சாதாரணக் கட்டுப்பாட்டுச் சூத்திரம், பி.ஐ.டி. என்று எல்லோருக்கும் தெரிந்தது, அதன் கணிதத்தை 1922இல் தெளிவாக எழுதியவர் நிக்கோலஸ் மினோர்ஸ்கி. அவர் கணக்கைக் காகிதத்திலிருந்து தொடங்கவில்லை. கப்பலில் சுக்கான் பிடிக்கும் மாலுமி என்ன செய்கிறார் என்று கவனித்தார். கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் மாலுமி பார்ப்பதில்லை. எவ்வளவு நேரமாக விலகியிருக்கிறது, எவ்வளவு வேகமாக விலகுகிறது என்பதையும் சேர்த்துத்தான் கை திருப்புகிறது. அந்த மூன்றும்தான் சூத்திரத்தின் மூன்று உறுப்புகள்.

சிமென்ட் கில்னின் கதை இன்னும் நெருக்கமானது. 1965இல் லோட்ஃபி ஸாடே, "சற்றுச் சூடு", "மிகவும் சூடு" போன்ற தெளிவில்லாத சொற்களைக் கணிதமாக்கும் வழியைச் சொன்னார். லண்டன் குயின் மேரி கல்லூரியில் எப்ராகிம் மம்தானியும் அவருடைய மாணவரும் 1970களின் நடுவில் அதை வைத்து ஒரு சிறு நீராவி இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். ஆய்வுக்கூடத்தை விட்டு ஆலைக்குள் அந்த முறை வந்த முதல் இடங்களில் ஒன்று சிமென்ட் கில்ன். எஃப்.எல். ஸ்மித் என்ற டென்மார்க் நிறுவனத்தில் ஹோம்பிளாட், ஓஸ்டர்கார்ட் என்ற இருவர் 1970களின் இறுதியில் அதைச் செய்தார்கள். அவர்கள் தேடியது சமன்பாட்டை அல்ல, கில்ன் ஓட்டுபவர்களின் விதிகளை. ஆக்சிஜன் குறைவு, சூடு சற்று அதிகம் என்றால் கரியைச் சற்றுக் குறை என்பது போன்ற, மனிதர்கள் மனிதர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சொற்கள். அதாவது எங்கள் அண்ணன் பேசுவது போன்ற பேச்சு. அதை அப்படியே கணினிக்குள் வைத்தார்கள்.

நான் அண்ணனிடம் எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இரண்டு ஆண்டுத் தரவு கையில் இருக்கும்போது ஒரு மனிதரிடம் என்ன கேட்பது என்றிருந்தேன். மினோர்ஸ்கிக்கும் அந்த டென்மார்க்காரர்களுக்கும் கிடைக்காத கணினி எனக்குக் கிடைத்திருந்தது. அவர்கள் செய்த அந்த ஒரு வேலையை மட்டும் நான் விட்டுவிட்டேன்.

பதினோரு மாலைகள்

நீக்கிய வரிசைகளைத் திரும்ப எடுத்தேன். அவற்றைத் தனித்தனி நிகழ்வுகளாகப் பிரித்தபோது பதினொன்று தேறியது. ஒவ்வொன்றையும் பெரிய தாளில் கோட்டுப் படமாக அச்சடித்து, அண்ணன் பகல் ஷிப்ட் முடித்து வரும் மாலைகளில் கேன்டீனின் ஓர மேசையில் விரித்தேன். முதல் நாள் அவர் தயங்கினார். "எனக்கு இந்தக் கோடெல்லாம் படிக்கத் தெரியாது தம்பி" என்றார். சார் மறுபடி தம்பியாகியிருந்ததில் எனக்குக் கண் கலங்கியது. தேதியைச் சொன்னேன். அவ்வளவுதான். "கார்த்திகை மழையில் கரி நனைந்து வந்த வாரம். மில்லில் உலரவே இல்லை. சுடர் நீண்டு போய்ப் பின்னால் எரிந்தது" என்றார். தாளில் அந்த நாள் வெறும் தாறுமாறான கோடு. அவர் சொன்னதும் அது ஒழுங்காகத் தெரிந்தது. மற்றொரு தாளைக் காட்டியதும், "இது கோட்டிங் விழுந்த நாள். முதலில் ஆம்ப்ஸ் குதிக்கும், பிறகு படுத்துவிடும். குதிப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது" என்றார். ரிங் தேங்கும் ஆம்ப்ஸுக்கும் பதமான ஆம்ப்ஸுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். கைகளை மேசைமேல் வைத்துக் காட்டினார். பதமான பொருளைத் தூக்கும்போது கோடு ஒரே சீராக, சுற்றுக்குச் சுற்று ஒன்றுபோல அசையும். தேங்கிய பொருள் சரிந்து சரிந்து விழும், கோடு நொண்டும். "ஒலியிலேயே தெரியும்" என்றார்.

நொண்டுதல் என்ற அந்தச் சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. நாங்கள் ஆம்ப்ஸைப் பத்து நிமிடச் சராசரியாகச் சேமித்துவந்தோம். பத்து நிமிடத்தில் கில்ன் நாற்பது சுற்று சுற்றிவிடும். நொண்டல் முழுக்கச் சராசரியில் கரைந்துபோயிருந்தது. நொடிவாரியாகச் சேமிக்கத் தொடங்கியதும் அவர் கையால் காட்டியது அப்படியே திரையில் தெரிந்தது. அது இப்போது மாடலுக்குள் போகும் ஓர் அளவு. அதற்குப் பெயர் வைக்கும் கட்டத்தில் தமிழிலேயே "நொண்டல்" என்று தட்டச்சு செய்தேன். இன்றும் அப்படியேதான் இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன்.

வேறு சில மாற்றங்களும் செய்தோம். அளவுக் கருவியின் எண் மூன்று நிமிடம் அசையாமல் நின்றால் மாடல் அதை நம்பக் கூடாது. ஆம்ப்ஸும் பைரோமீட்டரும் எதிரெதிராகப் போனால் கரியில் கை வைக்காமல் ஆபரேட்டரைக் கூப்பிட வேண்டும். பர்னர் மேடையில் நின்று பார்த்ததைப் பதிய ஒரு திரை: கருப்பு எங்கே, பொருள் உருள்கிறதா வழுக்குகிறதா, தூசி உண்டா. மணிக்கு ஒரு முறை யாராவது மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து அதை நிரப்ப வேண்டும். "மாடல் இயங்கிய நேரம்" என்ற கட்டத்தை மாதக் கூட்டத்திலிருந்து எடுக்கச் சொல்லி நான் போராடியதுதான் இவற்றில் மிகவும் கடினமான வேலை. ஓர் ஆண்டு பிடித்தது.

லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983இலேயே ஒன்றை எழுதினார்: எளிய வேலைகளை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் மனிதனுக்கு மிஞ்சுவது மிகவும் கடினமான தருணங்கள் மட்டும், அந்தத் தருணங்களுக்கு வேண்டிய பழக்கத்தையோ எளிய வேலைகள்தாம் அவனுக்குக் கொடுத்துவந்தன. எங்கள் ஆலையில் இன்று சேரும் இளைஞர்களில் பலர் முதல் ஆறு மாதம் பர்னர் மேடையில் ஏறியதே இல்லை. கேமரா இருக்கிறது, நெருப்பு திரையில் தெரிகிறது. ஆனால் கேமரா வெளிச்சத்தைத் தானே சரிசெய்துகொள்கிறது. குளிரும் சூளையும் சூடான சூளையும் அதில் ஏறக்குறைய ஒரே நிறம். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

அண்ணன் 2018இல் ஓய்வு பெற்றார். கடைசி நாள் அந்த நீலக் கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். மரச்சட்டத்துக்குள் பதித்தது. கீழ் மூலையில் ஒரு சில்லு உடைந்திருக்கும். சட்டத்தின் இடது பக்கம் மட்டும் கட்டைவிரல் அழுந்தி அழுந்திப் பள்ளம் விழுந்து வழவழவென்றிருக்கும். நான் வலது கைக்காரன். எப்படிப் பிடித்தாலும் என் விரல் அந்தப் பள்ளத்தில் சரியாக உட்காராது.

இப்போது நான் வேறோர் ஆலையில் இருக்கிறேன். போன மாதம் பயிற்சிப் பொறியாளராக ஒரு பெண் சேர்ந்தார். தரவு அறிவியல் படித்தவர். வந்த அன்றே மாடலைப் பார்க்க வேண்டும் என்றார். கண்ணாடியைக் கொடுத்து முதலில் மேலே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அரை மணி நேரம் கழித்து முகமெல்லாம் சிவந்து, வியர்வையோடு வந்தார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இருட்டு ரொம்பத் தூரத்தில் இருக்கிறது, சார். பொருள் ஒரு பக்கமாக ஏறி உருண்டு விழுகிறது. ஆனால் சுடர் நேராக இல்லை. இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது."

அதைத் திரையில் பதியச் சொன்னேன். கருப்புக்கு இடம் இருந்தது, உருளலுக்கு இருந்தது, தூசிக்கு இருந்தது. சுடரின் சாய்வுக்கு இடம் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். அந்த வாரமே அதற்கு ஒரு கட்டம் சேர்த்தோம்.